பெட்டியில் 20 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது, பட்டர்வொர்த் வரை விடலாமா?

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 23, பாயான் லெப்பாஸ் பக்கம் தொழிற்சாலை வேலை. கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

“அண்ணே, ஒரு வருடம் காசு சேர்த்து டிஜேஐ மினி 4 ப்ரோ ட்ரோன் வாங்கினேன். பெட்டியிலும் விளம்பரத்திலும் 20 கிலோமீட்டர் வரை சிக்னல் கிடைக்கும் என்று இருக்கிறது. ஜார்ஜ் டவுன் பாடாங் கோத்தா லாமா கடற்கரைத் திடலிலிருந்து கடலைத் தாண்டி பட்டர்வொர்த் வரை விட்டு, அங்கிருந்து திரும்பும்போது விடியற்காலை வெளிச்சத்தில் ஜார்ஜ் டவுன் முழுவதையும் எடுக்க வேண்டும் என்பது ஆசை. போக மூன்று கிலோமீட்டர், வர மூன்று கிலோமீட்டர்தானே? 250 கிராமுக்குக் கீழே இருக்கிற ட்ரோனுக்குச் சட்டமே கிடையாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள், உண்மையா? சிக்னலைக் கூட்ட ரிமோட்டில் பூஸ்டர் மாட்டலாமா? இதையெல்லாம் பாதுகாப்பாக, போலீஸ் பிரச்சினை இல்லாமல் எப்படிச் செய்வது?”

தம்பி, விடுவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதற்கு முதலில் நன்றி. எனக்கு வருகிற கடிதங்களில் பாதி, விட்டு, கடலில் விழுந்து, பிறகு வருகிறவை.

நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போட்டிருக்கிற திட்டம் சட்டப்படி முடியாது, பாதுகாப்பாகவும் முடியாது. ஆனால் நீங்கள் ஆசைப்படுகிற படம் கிடைக்கும், அதற்கு மூன்று கிலோமீட்டர் தேவையே இல்லை. அதையும் பிறகு சொல்கிறேன், முதலில் இந்த 20 கிலோமீட்டர் கதையைப் பார்ப்போம், ஏனென்றால் குழப்பம் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்த எண் ரேடியோவின் எண். திறந்த வெளியில், குறுக்கே எதுவும் இல்லாமல், வேறு சிக்னல் தொல்லையும் இல்லாமல், ஒருவழியாகப் போகவிட்டு அளந்தது, திரும்பி வருவது அந்தக் கணக்கில் இல்லை. அதுவும் அமெரிக்க விதிப்படி ரேடியோ சக்தி அதிகமாக இருக்கும்போதுதான் 20. அதே ட்ரோனுக்கு ஐரோப்பிய விதிப்படி கம்பெனியே 10 என்றுதான் போடுகிறது. ஒரே இயந்திரம், ஊர் மாறினால் பாதி. பேட்டரிக்குச் சொல்கிற 34 நிமிடமும் அப்படித்தான், காற்றே இல்லாத இடத்தில் சீரான வேகத்தில், 100-லிருந்து 0 வரை ஓடவிட்டு எடுத்த கணக்கு. கடலுக்கு மேல் பேட்டரியை 0 வரை ஓட விடுகிறவர் யாரும் இல்லை.

ஜார்ஜ் டவுன் கடற்கரையில் நின்றுகொண்டு நீங்கள் ரிமோட்டைத் திறந்தால் பின்னால் ஹோட்டல், கடை, வீடு என்று நூற்றுக்கணக்கான வைஃபை அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசிக்கொண்டிருக்கும். அப்புறம் இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதில்லை. ரிமோட்டிலிருந்து ட்ரோனுக்குப் போகிற சிக்னலை நாம் ஒரு நூல் மாதிரி கற்பனை செய்துகொள்கிறோம், நேராகத் தெரிந்தால் போதும் என்று. அது நடுவில் பருத்து இரண்டு முனையிலும் ஒடுங்குகிற வெள்ளரிக்காய் மாதிரி. மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு, 2.4 கிகாஹெர்ட்ஸில், நடுப்பகுதியில் அந்த வெள்ளரிக்காயின் ஆரம் கிட்டத்தட்ட 10 மீட்டர், அதாவது நேர்கோட்டுக்கு மேலே பத்து, கீழே பத்து. அந்த இடத்துக்குள் ஒரு ஃபெர்ரியோ கன்டெய்னர் கப்பலோ நுழைந்தால் கண்ணுக்கு ட்ரோன் பக்கம் வழி திறந்திருப்பது போலத் தெரிந்தாலும் சிக்னல் அடி வாங்கும். அந்தக் கடல் சும்மா கிடக்கிற கடல் இல்லை, உங்களுக்குத் தெரியாததா, ஒரு பக்கம் சுவெட்டன்ஹம் துறை, மறு பக்கம் பட்டர்வொர்த் கன்டெய்னர் துறைமுகம், நடுவில் ஃபெர்ரி.

பூஸ்டர் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். வேண்டாம். இங்கே விற்கிற ரேடியோ கருவிகளுக்கு சிரிம் என்கிற தரச்சான்று நிறுவனத்தின் சான்றிதழ் உண்டு, ஒட்டு ஒட்டியிருக்கும், அந்தச் சான்றிதழ் அந்தக் கருவி அந்தச் சக்தியில் இருக்கும்போதுதான். நீங்கள் ஆண்டெனாவை மாற்றினாலும் பூஸ்டர் மாட்டினாலும் அது வேறு கருவி, 1998-ஆம் ஆண்டின் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் வருகிற விஷயம். சட்டத்தை விடுங்கள். பூஸ்டர் ரிமோட்டின் குரலைத்தான் கூட்டுகிறது. ட்ரோனிலிருந்து திரும்பி வருகிற படம் அதே சின்ன ஆண்டெனாவிலிருந்துதான் வருகிறது. ட்ரோன் நீங்கள் சொல்வதைக் கேட்கும், அது எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. இதைவிட மோசமான நிலை பறக்கவிடுகிறவனுக்கு வேறு இல்லை.

இப்போது சட்டம். மலேசியாவில் இதற்கு அடிப்படை 2016-ஆம் ஆண்டின் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து விதிகள். ஆளில்லா விமானம் பற்றிய பகுதி 140-லிருந்து 144 வரை வருகிறது. நடைமுறைப்படுத்துவது மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம், எல்லோரும் சிஏஏஎம் என்பார்கள். பொழுதுபோக்காகப் பறக்கவிடுகிற உங்களுக்கு அதில் வேண்டியது இவ்வளவுதான்: தரையிலிருந்து 400 அடிக்கு மேல், அதாவது சுமார் 120 மீட்டருக்கு மேல், எழுத்துமூல அனுமதி இல்லாமல் போகக் கூடாது. கட்டுப்பாட்டு வான்வெளிக்குள்ளும் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள வட்டத்துக்குள்ளும் அதே போல அனுமதி இல்லாமல் கூடாது. ட்ரோன் எப்போதும் உங்கள் கண் பார்வைக்குள் இருக்க வேண்டும், பைனாகுலரில் பார்ப்பது கணக்கில்லை, திரையில் பார்ப்பதும் கணக்கில்லை. கேமரா பொருத்திய ட்ரோன் என்றால் உங்களோடு சம்பந்தமில்லாத ஆளிடமிருந்தும், வண்டி, படகு, கட்டடத்திலிருந்தும் 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஆயிரம் பேருக்கு மேல் கூடுகிற திறந்தவெளிக் கூட்டம் என்றால் 150 மீட்டர். குடியிருப்பு, வணிக, தொழில், பொழுதுபோக்குப் பகுதிகளுக்கும் அதே 150 மீட்டர்.

இதில் 250 கிராமுக்கு விலக்கு எங்கே இருக்கிறது என்று நீங்களே தேடிப் பாருங்கள், கிடைக்காது. அந்த 250 அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே பொழுதுபோக்குக்காக விடுகிறவர் 250 கிராமுக்குக் கீழே இருந்தால் ட்ரோனைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவுக்கான எல்லை அது, அவ்வளவுதான். அங்கேயும் 249 கிராம் ட்ரோனைக் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு விட அனுமதி கிடையாது. கம்பெனிகள் அந்த எண்ணுக்குப் பொருந்த ட்ரோன் செய்தார்கள், நம் ஊரில் அது “சட்டமில்லாத ட்ரோன்” என்று திரிந்துவிட்டது. நமது விதியில் சிறிய ட்ரோன் என்றால் 20 கிலோவும் அதற்குக் கீழும். உங்களுடையது அதற்குள்ளேதான் வருகிறது. மீறினால் தனி நபருக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

பினாங்கில் இருக்கிற நமக்கு இன்னொரு சிக்கல். தெற்கே பாயான் லெப்பாஸில் அனைத்துலக விமான நிலையம், எதிர்க்கரையில் பட்டர்வொர்த் ஆகாயப்படைத் தளம். அங்கே போர் விமானங்கள் இருக்கின்றன, ஹார்னட் சத்தம் கேட்காத பட்டர்வொர்த்காரர் யாராவது உண்டா? நீங்கள் ட்ரோனை அனுப்ப நினைக்கிற திசை அந்தத் தளத்தை நோக்கியது. பாடாங்கிலிருந்து ஐம்பது மீட்டர் உயரத்தில் பறக்கவிடுவதற்கே முதலில் வான்வெளி நிலவரம் பார்க்க வேண்டும், அனுமதி தேவைப்பட்டால் வாங்க வேண்டும். கோலாலம்பூரில் இருக்கிற வாசகர்களும் இதைக் கவனியுங்கள், சுபாங் விமான நிலையம் நகரத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பதை வரைபடத்தில் பார்த்தால்தான் உறைக்கும். நகரத்தில் பெரிய நிகழ்ச்சி வந்தால் தற்காலிகத் தடையும் போடுவார்கள், 2025 மே மாதம் ஆசியான் உச்சிமாநாட்டுக்குப் போட்ட மாதிரி. போன மாதம் பறக்கவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த மாதத்துக்கு உதவாது.

சரி, கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று ஏன் இவ்வளவு பிடிவாதம்? கேமராவில்தான் இன்னும் தெளிவாகத் தெரிகிறதே என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் தொடக்கத்தில் அப்படித்தான் தோன்றியது.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பாலிசேட்ஸ் காட்டுத்தீ எரிந்தது நினைவிருக்கும். அப்போது ஒருவர் சாந்தா மோனிக்காவில் ஒரு கார் நிறுத்தக் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து ட்ரோன் விட்டார், தீயைப் பார்க்க. ட்ரோன் 2,500 மீட்டருக்கு மேல் போனது. அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. கனடாவிலிருந்து தீயணைக்க வந்திருந்த சூப்பர் ஸ்கூப்பர் விமானத்தின் இடது இறக்கையில் அது மோதி ஓட்டை போட்டது. விமானம் தரையிறங்கிய பிறகுதான் அடிபட்டதே தெரிந்தது. பழுது பார்க்கும்வரை தீயணைப்புக்கு அந்த விமானம் இல்லை. கீழே வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. அந்த மனிதர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் யாருக்கும் கெடுதல் நினைத்துச் செய்தவர் இல்லை என்றுதான் நான் நம்புகிறேன். திரையில் தீ தெரிந்தது, பக்கவாட்டிலிருந்து வருகிற விமானம் தெரியவில்லை. ட்ரோன் கேமரா முன்னால் மட்டும்தான் பார்க்கும். உங்கள் கண்ணும் காதும் வானத்தின் பாதியைப் பார்க்கும், கேட்கும். மீட்பு ஹெலிகாப்டர் 400 அடிக்குக் கீழேயும் வரும், சத்தம் முதலில் காதுக்குத்தான் வரும், அந்த நேரம் உங்கள் ட்ரோன் எங்கே இருக்கிறது என்று வானத்தில் கை நீட்டிக் காட்ட முடிந்தால்தான் அதை எந்தப் பக்கம் இறக்குவது என்று முடிவு செய்ய முடியும்.

நீங்கள் சொல்கிற மூன்று கிலோமீட்டரும் அவருடைய இரண்டரைக் கிலோமீட்டரும் ஒரே அளவுதான், தம்பி.

கண் எவ்வளவு தூரம் பார்க்கும்? நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியக்கூடிய சின்னக் கோணம், ஒரு பாகையை 60 ஆகப் பிரித்தால் அதில் ஒன்று. 30 சென்டிமீட்டர் அகலமான பொருள் ஒரு கிலோமீட்டரில் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். அதாவது ஒரு கிலோமீட்டரில் உங்கள் ட்ரோன், வெளுத்த வானத்தில், அதிகபட்சம் ஒரு புள்ளி. அதன் மூக்கு எந்தப் பக்கம், உங்களை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்று தெரிவது அதற்கு எவ்வளவோ முன்னாலேயே நின்றுவிடும். நான் பயிற்சி கொடுக்கிறவர்களிடம் ஒரு சோதனை வைப்பேன். நண்பர் ஒருவர் திரையைப் பார்த்துத் தூரத்தைச் சொல்வார், பறக்கவிடுகிறவர் திரையைப் பார்க்கக் கூடாது. 100 மீட்டர், 150, 200 என்று கொண்டுபோய் ஒவ்வொரு இடத்திலும் ட்ரோனைச் சுற்றவிட்டு நிறுத்திவிட்டு, மூக்கு எந்தப் பக்கம் என்று கேட்பேன். இந்த அளவு ட்ரோனில் பெரும்பாலானவர்களுக்கு 250, 300 மீட்டரில் தடுமாற்றம் வந்துவிடும். கண்ணாடி போடுகிறவர்கள், சாயங்காலம் கண் சோர்ந்தவர்கள், இன்னும் முன்னாலேயே. எந்த இடத்தில் உங்கள் பதில் தப்பாகிறதோ அதற்கு ஐம்பது மீட்டர் உள்ளே உங்கள் எல்லை. நான் இதைத்தான் தூரம் என்கிறேன்.

இனி காற்று. என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன், சொல்ல எனக்குச் சங்கடம்தான், ஆனாலும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் தெலுக் பஹாங் பக்கம் கடற்கரையில் ஒரு கல்யாண ஜோடிக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து பேட்டரியில் 70 சதவிகிதம் மிச்சம், கடல் அமைதி, கரையில் தென்னை ஓலைகூட அசையவில்லை. சும்மா ஒரு தடவை வெளியே போய்ப் பார்ப்போம் என்று 1.4 கிலோமீட்டர் வரை விட்டுவிட்டேன். போகும்போது வேகம் பிரமாதமாக இருந்தது. அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவில்லை. திரும்பும்போது திரையில் விநாடிக்கு மூன்று மீட்டர், நான்கு மீட்டர் என்று ஊர்ந்தது. கரைக்கு 200 மீட்டர் இருக்கும்போது ட்ரோன் தானாகவே இறங்க ஆரம்பித்துவிட்டது, இறங்குகிற இடம் தண்ணீர். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு மீனவரின் சம்பான் போயிருந்தது. அந்தப் படகு அங்கேயே நின்றிருந்தால் என்ன என்று அன்று இரவு முழுவதும் யோசித்தேன், இன்றும் யோசிக்கிறேன்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ட்ரோன் விநாடிக்கு 12 மீட்டர் வேகம் போகும், காற்று அதன் முதுகில் விநாடிக்கு 8 மீட்டர் அடிக்கிறது என்று வையுங்கள். போகும்போது 20 மீட்டர், மூன்று கிலோமீட்டர் இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகா, பேட்டரி குறையவே இல்லையே என்று இருக்கும். திரும்பும்போது 12-ல் 8 போனால் நான்கு. அதே மூன்று கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரை நிமிடம், அதுவும் மோட்டார் முக்கிக்கொண்டு. அந்த நேரம் காற்று இன்னும் கொஞ்சம் கூடினால் ட்ரோன் முன்னேறாமல் அங்கேயே நிற்கும், பேட்டரி மட்டும் இறங்கும். உங்கள் மாடலுக்குக் கம்பெனி சொல்கிற காற்று எல்லை விநாடிக்கு 10.7 மீட்டர். தரையில் நீங்கள் உணர்கிற காற்றைவிட 80 மீட்டர் உயரத்தில் காற்று பலமாக இருக்கும், கடலுக்கு மேல் இன்னும்.

அதனால் முதல் பயணம் எப்போதும் காற்றுக்கு எதிராக. எதிர்காற்றில் போனால் திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வரும். பேட்டரியை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் வைக்க. கடலுக்கு மேல் நான் இன்னும் கஞ்சத்தனமாக இருப்பேன், 50 சதவிகிதத்தில் திரும்பிவிடுவேன், கொளுத்துகிற வெயிலில் காரில் கிடந்த பேட்டரி என்றால் எடுக்கவே மாட்டேன்.

விடியற்காலை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதையும் சொல்ல வேண்டும். அதிகாலையில் காற்று அமைதியாக இருக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள், பெரும்பாலான நாட்களில் உண்மைதான். ஆனால் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டி வருகிற புயல்காற்று வரிசை நள்ளிரவுக்குப் பிறகும் விடியற்காலையிலும்தான் அதிகம் வரும். மேற்கே வானம் கறுத்து, சட்டென்று குளிர்காற்று அடித்தால் ஐந்து பத்து நிமிடத்தில் உங்கள் தலைமேல் இருக்கும். வானிலைத் துறையான மெட் மலேசியாவின் ரேடார் படத்தை எழுந்ததும் பாருங்கள், கிளம்பும்போது பாருங்கள், ட்ரோனை எடுக்கும் முன்னால் இன்னொரு தடவை பாருங்கள்.

“சிக்னல் போனால் தானாகத் திரும்பிவிடுமே” என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று தெரியும். திரும்பும், நீங்கள் சொல்லிக்கொடுத்த இடத்துக்கு, நீங்கள் வைத்த உயரத்தில். ரிட்டர்ன் டு ஹோம் உயரத்தை 30 மீட்டரில் வைத்துவிட்டு கர்னி பக்கம் கொண்டோ வரிசைக்குப் பின்னால் விட்டால் அது சுவரை நோக்கி வரும். தடை உணர்கிற சென்சார் நிறுத்தலாம், இருட்டிலோ கண்ணாடிச் சுவரிலோ நிறுத்தாமலும் போகலாம். அந்தக் கொண்டோக்களில் சில 120 மீட்டரைத் தாண்டியவை, ஆக சட்டத்துக்குள் எந்த உயரம் வைத்தாலும் போதாது, அதனால் கட்டடத்துக்குப் பின்னால் விடக் கூடாது என்பதுதான் ஒரே வழி. ஃபெர்ரியின் மேல்தளத்திலிருந்து விட்ட ஒருவரை எனக்குத் தெரியும். ட்ரோன் சரியாகத்தான் திரும்பியது, அது கிளம்பிய இடத்துக்கு. ஃபெர்ரி அங்கே இல்லை, கடல்தான் இருந்தது. இரும்புத் தளத்திலிருந்தும் இரும்புக்கம்பி போட்ட கான்கிரீட்டிலிருந்தும் கிளம்பினால் திசைகாட்டியும் குழம்பும். தண்ணீருக்கு ஒட்டினாற்போலத் தாழ்வாகவும் விடாதீர்கள், கீழே பார்க்கிற சென்சாருக்கு அலையும் வெளிச்சமும் தரையா என்று தெரியாது.

இனி உங்கள் படம். நான் யோசித்துப் பார்த்தேன், உங்களுக்கு வேண்டியது தூரம் இல்லை, விடியல் வெளிச்சத்தில் ஜார்ஜ் டவுன். சூரியன் பட்டர்வொர்த் பக்கம் உதிக்கும், ஜார்ஜ் டவுனின் கடல்முகம் கிழக்குப் பார்த்தது, அதனால் வெளிச்சம் நேராக விழும், அது சரியான தேர்வு. உங்கள் கேமரா 24 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சமம். கரையிலிருந்து 250 மீட்டர் வெளியே போய்த் திருப்பினால் கரையில் சுமார் 375 மீட்டர் அகலம் ஒரு படத்துக்குள் வந்துவிடும். பக்கவாட்டில் திருப்பி மூன்று படம், ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் படுகிற மாதிரி எடுத்து ஒட்டினால் கோட்டை, மாநகராட்சிக் கட்டடம், பின்னால் கொம்தார் கோபுரம், அதற்கும் பின்னால் 833 மீட்டர் உயரப் பினாங்கு மலை எல்லாம் கிடைக்கும். மூன்று கிலோமீட்டரிலிருந்து எடுத்தால் என்ன வரும் தெரியுமா? காலைப் பனிமூட்டத்தில் ஒரு சாம்பல் கோடு. ஒரு தடவை ஃபெர்ரியில் போகும்போது கையிலிருக்கிற கைப்பேசியில் எடுத்துப் பாருங்கள், புரியும்.

அதற்கும் அனுமதி வேண்டும், அதைச் செய்யுங்கள். பறக்கவிடப் போகிற இடத்தின் ஆள்கூறு, உயரம், தேதி, நேரம், ட்ரோன் விவரம் எல்லாம் எழுதி சிஏஏஎம்மிடம் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள், நாளைக்கு விடப் போகிறேன் என்று இன்றைக்குக் கேட்டால் வேலைக்காகாது, சில வாரம் கையில் இருக்கட்டும். நிற்கப் போகிற பாடாங் மாநகராட்சியின் இடம், அவர்களையும் கேளுங்கள். பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அனுமதிக் கடிதத்தின் நகலைக் கையில் வைத்திருந்தால் யாராவது வந்து கேட்கும்போது பேச்சு சுலபமாக முடியும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை என்றால் ஓடுகிறவர்களும் தை சி செய்கிற பெரியவர்களும் இருப்பார்கள், அவர்களிடமிருந்து 50 மீட்டர், நினைவிருக்கட்டும். இந்தப் படத்துக்கு யாராவது பணம் கொடுத்தால் அது பொழுதுபோக்கு இல்லை, வேறு அனுமதி, வேறு நடைமுறை.

ஆட்கள் கூடுகிற இடம் என்றதும் தைப்பூசம் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு வருடமும் தண்ணீர்மலைக்குப் போகிற கூட்டத்தின் தலைக்கு மேல் யாராவது ட்ரோன் விடுகிறார்கள். கீழே காவடி தூக்கி, அலகு குத்தி, கைக்குழந்தையோடு மக்கள். இறக்கை ஒன்று கழன்றால் அது விழுவது ஒரு தாயின் தலைமேல். ஆயிரம் பேருக்கு 150 மீட்டர் என்ற விதி அங்கேதான் முதலில் மதிக்கப்பட வேண்டும். தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள், செய்கிற நண்பரையும் தடுங்கள்.

தூரம் போகிற இன்பம்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. தோட்டப்புறத்தில் உங்களுக்குச் சொந்தக்காரர் யாராவது இருப்பார்கள், செபராங் பிறையில் இல்லாத தோட்டமா? அங்கேயும் வான்வெளி நிலவரத்தைப் பார்த்துக்கொண்டு, நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, மறுநடவுக்கு வெட்டித் திறந்துவிட்ட இடத்தில் நில்லுங்கள். வளர்ந்த செம்பனை நடுவே வேண்டாம், தண்ணீர் நிறைந்த மட்டைகள் 2.4 கிகாஹெர்ட்ஸைக் குடித்துவிடும். நான்கு கம்பு நட்டு ஒரு சுற்றுப்பாதை போடுங்கள், உங்களிடமிருந்து 200 மீட்டருக்கு மேல் போகாத மாதிரி. விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் 20 நிமிடம் சுற்றினால் 9.6 கிலோமீட்டர். ட்ரோன் ஒரு தடவைகூட உங்கள் கண்ணைவிட்டுப் போயிருக்காது. காற்றுக்கு எதிராக ஒரு பக்கம், காற்றோடு ஒரு பக்கம், குறுக்குக்காற்றில் இரண்டு பக்கம், பேட்டரி எங்கே எவ்வளவு தின்கிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். பட்டர்வொர்த் போய் வருகிற ஆறு கிலோமீட்டரில் கற்காததை இந்த ஒன்பதில் கற்றுவிடுவீர்கள்.

உண்மையாகவே கண்ணுக்கு அப்பால் பறக்கவிட வேண்டும் என்ற வெறி இருந்தால் அதைத் தொழிலாக எடுத்துக்கொள்ளுங்கள், நான் கேலிக்குச் சொல்லவில்லை, உங்கள் வயது அதற்கு ஏற்ற வயது. மின்கம்பி வரிசை, குழாய்ப் பாதை, பெரிய தோட்டம் இவற்றுக்கெல்லாம் பார்வைக்கு அப்பால் பறக்கவிடுகிற வேலை இருக்கிறது, அதற்கு சிஏஏஎம் தனியாக ஆய்வு செய்து அனுமதி கொடுக்கிறது. முதல் படி, ஆணையம் ஏற்ற பயிற்சி நிலையத்தில் படித்து வாங்குகிற ரிமோட் பைலட் தகுதிச் சான்றிதழ். சைபர்ஜெயாவில் தொடங்கிய ஏரோடைன் என்ற ட்ரோன் நிறுவனம் உலகம் முழுவதும் வேலை செய்கிறது, நம் பிள்ளைகளும் அந்தத் துறைக்குள் நிறைய பேர் போக வேண்டும் என்று எனக்கு ஆசை.

இந்த வாரக் கடைசியில் செய்ய வேண்டியது ஒன்றுதான். புக்கிட் மெர்தாஜாமில் ஆள் நடமாட்டம் இல்லாத, வான்வெளித் தடையும் இல்லாத ஒரு திறந்த இடம் பாருங்கள், நண்பரைக் கூட்டிக்கொண்டு காலை எட்டு மணிக்குப் போங்கள், திரையை அவரிடம் கொடுத்துவிட்டு நான் சொன்ன மூக்குச் சோதனையைச் செய்யுங்கள். பத்துத் தடவை கேட்கச் சொல்லுங்கள், ஒன்பதுக்காவது சரியாகச் சொல்கிற தூரத்தைக் குறித்து எனக்கு எழுதுங்கள். 180 வந்தாலும் சரி, 320 வந்தாலும் சரி. அந்த எண்ணை வைத்துக்கொண்டு பாடாங்கில் எங்கே நிற்பது, எத்தனை படமாகப் பிரித்து எடுப்பது என்று அடுத்த முறை இருவரும் சேர்ந்து வரைபடத்தில் போடலாம்.